அம்மனுக்கு விட்ட வழி

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டது. அப்புறம் சக்கரத்தைக் கண்டது. மூன்றாவதாக, கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் போகிற சாலையில், ஒரு பெட்ரோல் பங்குக்கும் ஒரு பிரியாணிக் கடைக்கும் இடைப்பட்ட புண்ணிய பூமியில், அதிர்வை அடக்கும் தூண்வனத்தைக் கண்டது. முதல் இரண்டுக்கும் திறப்பு விழா நடந்ததாகத் தகவல் இல்லை. மூன்றாவதற்கு நடந்தது. பந்தல், பேண்டு வாத்தியம், பொன்னாடை, கேசரி எல்லாம் உண்டு. 'நிலமகளின் நடுக்கம் தீர்த்த நாயகரே!' என்று சாலை நெடுக ஃபிளக்ஸ். அதில் தாளாளர் கண்ணாயிரம் வேப்பமர உயரத்துக்கு நின்று சிரித்தார். தூண்வனத்தைக் கணக்குப் போட்டு உண்டாக்கிய உதவிப் பேராசிரியர் தனசேகரன், கீழ் மூலையில், அச்சகத்தின் கைப்பேசி எண்ணுக்குப் பக்கத்தில், அஞ்சல்தலை அளவில் இருந்தான்.

அந்த அளவே ஜாஸ்தி என்று பின்னால் அவனுக்குத் தோன்றியது. குற்றவாளியின் படம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது.

கண்ணாயிரத்துக்கு இரண்டு தொழில். ஒன்று, பாறையை உடைத்து ஜல்லியாக்கும் கிரஷர். இன்னொன்று, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை இன்ஜினீயராக்கும் கல்லூரி. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. முதல் தொழிலில் வெளியே வரும் சரக்குக்கு உடனே வேலை கிடைத்தது. இரண்டாவதைப் பற்றி நாம் பேச வேண்டாம். சிக்கல் இதுதான்: கிரஷர் ஓட ஆரம்பித்தால் கல்லூரி ஆடும். ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே இருக்கும் வெங்காயத் தோல் கும்மியடிக்கும். கல்லூரிக்குத் தரம் போட வந்த குழுவின் தலைவர் வாயருகே கொண்டுபோன தேநீர், வாய்க்குப் போகாமல் சட்டைக்குப் போனது. தரமும் சட்டையோடு போனது.

அடுத்த குழு வருவதற்குள் இதற்கு வழி செய்ய வேண்டும் என்று தாளாளர் கூட்டிய கூட்டத்தில்தான் தனசேகரன் எழுந்து நின்றான். அவனுடைய முனைவர் பட்டமே இந்த விஷயத்தில்தான். ஆறு வருஷம், ஒரு தகட்டின் மேல் கடுகு அளவு தூண்களை வரிசையாக நட்டால் ஒலியும் அதிர்வும் எப்படி அடங்கும் என்று ஆராய்ந்தவன். பட்டம் வாங்கிய பின் ஒருவரும் அவனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில்கூட, "சம்பளம் இன்னா வருது?" என்றுதான் கேட்டார்கள்.

அவன் விளக்கினான். நிலம் அதிர்கிறது என்றால் அலை வருகிறது என்று அர்த்தம். அலை வரும் வழியில், கணக்குப் பார்த்த உயரத்தில், கணக்குப் பார்த்த இடைவெளியில் தூண்களை வரிசை வரிசையாக நட்டால், ஒவ்வொரு தூணும் தன் தாளத்துக்கு ஆடும். அலையின் தாளமும் தூணின் தாளமும் ஒன்று சேர்கிற இடத்தில், தூண்கள் ஆட்டத்தை வாங்கிக்கொண்டு நிலத்தை எதிர்ப்பக்கம் உதைக்கும். ஒரே தேரை இந்தப் பக்கம் ஒரு கூட்டமும் அந்தப் பக்கம் ஒரு கூட்டமும் இழுத்தால் தேர் நின்ற இடத்தில் நிற்குமே, அது மாதிரி. அலை தாண்ட முடியாமல் திரும்பிவிடும். தூணுக்கு இரும்புக் குழாயில் தண்டு, உச்சியில் சிமெண்ட் கட்டை. தலை கனமாக இருந்தால்தான் கிரஷரின் மெதுவான தாளத்துக்கு அது ஆடும்.

தலைக்கனத்தால் வேலை நடக்கும் என்பது கண்ணாயிரத்துக்கு உடனே விளங்கிவிட்டது. "ஜல்லி நம்முளுது, சிமெண்டு மச்சானுது. நட்டுடு ப்ரொபசர்" என்றார்.

குழி தோண்ட ஆரம்பித்ததும் மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா செல்லமுத்து நாலு பேரோடு வந்தார். கிரஷருக்கும் கல்லூரிக்கும் நடுவில் இருந்த அந்த வெளியின் வழியாகத்தான் ஆடி மாதம் அம்மன் எல்லை சுற்றுவாள்.

"வருசத்துக்கு ஒருக்கா எங்கம்மா எல்ல சுத்துறா. நீங்க தூணு நட்டுட்டா தேரு எப்டிப் போவும்? கம்பியில கோத்த கறி மாதிரி குத்திக்கினு நிக்குமா?" என்றார் செல்லமுத்து.

கண்ணாயிரம் எத்தனையோ அதிகாரிகளின் கண்ணைப் பார்த்துப் பேசியவர். அம்மன் என்றதும் கையைக் கூப்பினார். உள்ளாட்சித் தேர்தலில் மச்சான் நிற்கப் போகிறான் என்பதும் பக்திக்கு ஒரு காரணம். "அம்மனுக்கு இல்லாத எடமா? தேரு போற அகலத்துக்கு ஒரு வரிசைய வுட்டுடு ப்ரொபசர்" என்றவர், சட்டென்று திரும்பி, "ஒரு வரிச இல்லன்னா எதனா கெட்டுப்பூடுமா?" என்று கேட்டார்.

தனசேகரன் வாயைத் திறந்தான்.

கெட்டுப்போகும் என்பது அவனுக்குத் தெரியும். அவனுடைய ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயமே அதுதான். தூண் காட்டில் ஒரு வரிசை மட்டும் இல்லாமல் போனால், வேறெங்கும் நுழைய முடியாத அலை அந்த வழியில் நுழையும். திறந்த வெளியில் நாலாபக்கமும் பரவிப் பாதி வழியிலேயே செத்துப்போகிற அதிர்வு, இங்கே வாய்க்கால் வெட்டிவிட்ட தண்ணீர் மாதிரி கடைமடை வரைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரும். வழி வளைந்தால் அதுவும் வளையும், கரியாலூர் மலைப் பாதையில் பஸ் திரும்புகிற மாதிரி. அம்மன் போகும் வழி கிரஷர் பக்கம் தொடங்கி, கல்லூரிச் சுவரை ஒட்டி வளைந்து, கீழத்தெருவின் முதல் வீட்டில் போய் முட்டியது. அந்த வீடு அம்சவள்ளியுடையது. அதன் மாடியில் குடியிருப்பவன் தனசேகரன்.

இவ்வளவும் அவன் மனதில் ஓடியது. வாயிலிருந்து வந்தது இது: "காலேஜுக்கு ஒண்ணும் ஆகாதுங்க சார்."

இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. உண்மையை இவ்வளவு துல்லியமாக நறுக்கிக் கொடுக்க ஆறு வருஷ ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது.

திறப்பு விழா அன்று மேடையில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் வைத்தார்கள். கிரஷரை ஓட்டினார்கள். தண்ணீர் அசையவில்லை. சிறப்பு விருந்தினர் குனிந்து டம்ளரை உற்றுப் பார்த்தார், நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார், கைதட்டினார். கண்ணாயிரம் உணர்ச்சிவசப்பட்டு அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டார். மூத்திரம் போகப் போன தவில்காரர் திரும்பி வருவதற்குள் வரலாறு முடிந்திருந்தது.

பொன்னாடையோடு தனசேகரன் மாடியறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தான். கட்டில் லேசாக முனகியது. சாயங்காலத்து வெயில் ஜன்னல் வழியாக மேஜையில் விழுந்திருந்தது. அங்கே அவன் காலையில் குடித்து மிச்சம் வைத்த தண்ணீரில் வளையம் வளையமாக ஒரு நடுக்கம், நிற்காமல். மேடையில் இல்லாத நடுக்கமெல்லாம் இங்கே வந்திருந்தது. தன் சூத்திரம் இவ்வளவு சரியாக வந்ததே என்று முதலில் ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்காக அவன் பிற்பாடு தன்னை மன்னிக்கவே இல்லை.

கீழே அம்சவள்ளி முட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குக் குஞ்சு பொரிப்புத்தான் பிழைப்பு. புருஷன் லாரியில் போனால் நாசிக் வெங்காயத்தோடுதான் திரும்புவான். அதுவும் எப்போது என்று சொல்ல முடியாது. முன்னறையில் மின்சாரப் பெட்டி ஒன்றை வைத்து, நாட்டுக்கோழி முட்டைகளை அடைவைத்து, குஞ்சுகளை வளர்ப்புக்காரர்களுக்கு விற்றாள். பெட்டி புதுசு, பழக்கம் பழசு: இடி இடித்தால் கரு கலங்கும் என்று ஒவ்வொரு தட்டிலும் ஒரு இரும்புத் துண்டும் ரெண்டு கரித்துண்டும் வைப்பாள். முட்டை கொண்டு வருபவள் பௌசியா. கள்ளக்குறிச்சி டவுனிலிருந்து ஸ்கூட்டியில் கல்வராயன் மலை ஏறி, கரியாலூர் பக்கத்து வீடுகளில் முட்டை வாங்கி, உமி பரப்பிய கூடையில் இறக்கிக் கொண்டு வருவாள்.

"இன்னா பௌசியா, இன்னிக்கி முட்டைய எண்ணி எடுத்தாந்தியா, வழியில நாலு ஆம்லெட்டு போட்டியா?" என்பாள் அம்சவள்ளி.

"போட்டேன்க்கா. உங்க பேர்ல பாத்தியா ஓதிட்டுத்தான் துன்னேன்."

"அடிப்பாவி, நான் இன்னும் உசுரோட கீறன்டி!"

"அதனாலதான் உப்பு கம்மியா போட்டேன்."

இந்தப் பேச்சு மாடிப்படியில் இறங்கும்போதெல்லாம் தனசேகரன் காதில் விழும். அன்று அவன் படியிலேயே நின்றான். தட்டில் இருந்த இரும்புத் துண்டைப் பார்த்தான். மேலேயிருந்து வரும் இடிக்கு அம்சவள்ளி காவல் வைத்திருக்கிறாள். கீழேயிருந்து வருவதற்கு அவன்தான் வழி வெட்டிக் கொடுத்திருக்கிறான். 'சின்ன அதிர்வுதானே, முட்டைக்கு என்ன ஆகும்?' என்று தனக்குத்தானே கேட்டான். கேள்வி கேட்டவனே பதிலும் சொல்லிக்கொண்டால் பதில் சாதகமாகத்தான் இருக்கும்.

மூன்று வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே சத்தமில்லை. வழக்கமாகக் கீச்சுக்கீச்சென்று தெருவைக் கூட்டும் பெட்டி. ஓரிரண்டு குஞ்சு மட்டும் ஈரத்தலையோடு எழுந்து விழுந்தன. மற்றதெல்லாம் ஓட்டுக்குள்ளேயே முடிந்துவிட்டன. அம்சவள்ளி ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தாள். உடைக்கத் தேவையில்லாததையும் உடைத்தாள்.

"அல்லா மேல ஆணையா நல்ல முட்டதான்க்கா. அன்னிக்கி இட்டத அன்னிக்கே எடுத்தாந்தேன்" என்றாள் பௌசியா. முக்காடு தோளில் விழுந்து கிடந்தது. அதை எடுத்துப் போடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"அப்ப எங்கையில விஷமா இருக்குது? இத்தினி வருசமா பொரிச்ச பொட்டிதானே இது?"

பல் விளக்கிக்கொண்டே படியில் நின்ற தனசேகரனை அம்சவள்ளி பார்த்துவிட்டாள். "சார், நீங்களே சொல்லுங்க. படிச்சவுரு. இது எதனால ஆயிருக்கும்?"

இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள். சொல்லிவிடலாம். வாயில் பற்பசை நுரை. துப்பிவிட்டுச் சொல்லலாம். துப்பினான். சொன்னான்.

"முட்ட ரொம்பக் குலுங்கினா கரு கலங்கும்ங்க. மலை ரோட்டுல வளைவு ஜாஸ்தி இல்லீங்களா... ஸ்கூட்டியில வரும்போது குலுங்கியிருக்கலாம்."

மறுபடியும் பொய் இல்லை. குலுங்கியதால்தான் போனது. எங்கே குலுங்கியது என்பதில் மட்டும் பன்னிரண்டு கிலோமீட்டர் பிசகு.

பௌசியா தலையாட்டினாள். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற சாதி அவள். அடுத்த முறை கூடையில் உமிக்குப் பதில் இலவம்பஞ்சு வைத்து, பின்னால் தம்பியை உட்கார வைத்து அவன் மடியில் கூடையைக் கொடுத்து, மாட்டு வண்டி முந்திப் போகும் வேகத்தில் மலை இறங்கினாள். அந்த முட்டைகளும் பொரிக்கவில்லை. அம்சவள்ளி வாசலில் நின்று கத்தினாள். கூமுட்டையைக் கொண்டாந்து தலையில் கட்டிவிட்டாள் என்று தெருவே கேட்கக் கத்தினாள். ஊரில் குஞ்சு பொரிக்கும் மற்றவர்களும் கேட்டார்கள். 'காலேஜு வாத்தியாரே சொல்லிட்டாராம்' என்பதும் கூடவே போனது. பௌசியாவிடம் முட்டை வாங்குவதை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

அம்சவள்ளி ரிஷிவந்தியத்திலிருந்து வரும் வேறொருவனிடம் முட்டை வாங்கினாள். அதுவும் பாதிக்கு மேல் போனது. ஆனால் இப்போது அவள் யாரையும் திட்டவில்லை. புதிதாக வந்தவனைத் திட்ட அவளுக்கு உரிமை இல்லை. தட்டில் இரும்புத் துண்டை இரண்டாக்கினாள். சாயங்காலத்தில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வெறுமனே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடியில் தனசேகரன் தன் டம்ளரைக் காலியாகவே வைத்திருக்கப் பழகினான். தண்ணீர் இல்லையென்றால் வளையம் இல்லை. கட்டில் காலுக்கு மடித்த துணி வைத்தான். இத்தனை தூண் நட்டு அவன் செய்த ஆராய்ச்சியில் யாருக்காவது நிம்மதி தந்தது அந்தத் துணி ஒன்றுதான், அதுவும் அவனுக்கே.

புதுக் குழு வருகிறது, புதுச் சட்டை எடுக்க வேண்டும் என்று கள்ளக்குறிச்சி ஜவுளிக் கடைக்குப் போனான். சட்டையை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தவள் பௌசியா.

"சார், நல்லா கீறீங்களா?" அவள் எழுந்தே நின்றாள். "நீங்க சொன்ன மாதிரியே பஞ்சு வெச்சிப் பாத்தேன் சார். எனக்குத்தான் ஓட்டத் தெரியல போலகீது. இங்க பரவால்ல, நெழல்ல வேல." பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா எப்டி கீது? இன்னும் எம்மேல கோவமா?" என்றாள்.

அவன் பையை வாங்கிக்கொண்டு, சில்லறையை வாங்காமல் வெளியே வந்தான். அவள் திட்டியிருந்தால் நின்று சில்லறையையும் வாங்கியிருப்பான்.

நேராகத் தாளாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். விட்ட வரிசை, வழி தேடிய அலை, அம்சவள்ளி வீடு, பௌசியா. கண்ணாயிரம் கண்ணை மூடிக் கேட்டார். அவர் மனம் உருகுகிறது என்று தனசேகரன் நம்பினான். கண் திறந்தபோது அதில் ஒளி இருந்தது.

"அப்ப அதிர்வ நாம சொல்ற எடத்துக்கு அனுப்பலாம்னு சொல்ற?"

"சார், நான் சொல்ல வந்தது..."

"இந்தப் பக்கம் ஒரு வரிசையப் புடுங்கினா எதிர்க்காலேஜ்காரன் ஆடிட்டோரியத்துக்குப் போவுமா, போவாதா? அத மட்டும் சொல்லு."

"அந்தம்மா வூட்டுக்குப் போற வரிசைய நட்டு மூடிடலாம் சார்."

"அம்மன் வழிய அடைக்கச் சொல்றியா? நீ இன்னா நாத்திகனா?" என்று அதிர்ந்தார் கண்ணாயிரம். அவருக்கும் அதிர்வு உண்டு; அதற்குத் தூண் இல்லை. பிறகு சாந்தமாகி, "அந்தம்மாவ அடுத்த விழாவுக்குக் கூப்புடு, ஒரு பொன்னாட போத்திடலாம். உன்ன ஆராய்ச்சித் தலைவரா போட்டுட்டேன்யா. போய் சீட்டுல உக்காரு" என்றார்.

தனசேகரன் போய் உட்கார்ந்தான். சுழலும் நாற்காலி. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்: அவன் ஒரு தடவை சுற்றிப் பார்த்தான்.

குழு வந்தது, டம்ளரைப் பார்த்தது, நல்ல தரம் போட்டது. மறுநாள் மத்தியானம் தனசேகரன் ஜவுளிக் கடைக்குப் போய், "கொஞ்சம் வாங்க, அம்சவள்ளி வூட்டுல ஒரு விசயம் சொல்லணும்" என்று பௌசியாவைக் கூப்பிட்டான். வழியெல்லாம் மனதில் ஒரு உரை தயாரித்தான். அறிவியலின் அறம், மௌனத்தின் குற்றம் என்றெல்லாம் அதில் வந்தது. முடிவில் மூவரும் அழுவதாக இருந்தது.

வாசலில் பௌசியாவைப் பார்த்ததும் அம்சவள்ளி, "இவ எதுக்கு வந்தா?" என்றாள். ஆனால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

தனசேகரன் ஒரு டம்ளரில் தண்ணீர் கேட்டான். வாங்கிக் குடிக்காமல் அதைப் பெட்டியின் மேல் வைத்தான். தூரத்தில் கிரஷர் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரில் வளையங்கள் வந்தன. உரை மறந்துபோனது.

"இதுதாங்க. இந்த நடுக்கத்துலதான் முட்ட போகுது. தேரு வழிக்காக வுட்ட எடத்துல புகுந்து நேரா உங்க வூட்டுக்கு வருது. வரும்னு எனக்குத் தெரியும்."

அம்சவள்ளி டம்ளரைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "மலை ரோட்டுல குலுங்கிச்சின்னு அன்னிக்கி சொன்னீங்களே சார். அப்பவும் தெரியுமா?"

"தெரியும்ங்க."

யாரும் அழவில்லை. பௌசியா மட்டும் கொஞ்சம் முன்னால் வந்து, "அப்ப எம்முட்ட?" என்று கேட்டாள்.

"நல்ல முட்டைங்க."

"யக்கா, காதுல வுயிந்துச்சா?"

"வுயிந்துச்சிடி" என்றாள் அம்சவள்ளி. தலை குனிந்திருந்தது. எழுந்து போய் இரண்டு டம்ளரில் டீ கொண்டு வந்தாள். ஒன்றைப் பௌசியாவிடம் கொடுத்தாள். இன்னொன்றைத் தானே குடித்தாள். தனசேகரன் நின்றுகொண்டிருந்தான்.

அவர்கள் குடித்து முடித்தார்கள். அப்புறம் அம்சவள்ளி கேட்டாள்: "சரி, இத நிறுத்தறதுக்கு வழி இன்னா? இன்னும் ஒரு நூறு தூணு நடணுமா?"

"தூணே வேணாங்க." அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "கிரஷர் மிஷினுக்கு அடியில ரப்பர் கட்ட வைக்கணும். அதுக்குன்னே கடையில விக்கறதுதான்."

"அது எப்பத் தெரிஞ்சிது உங்களுக்கு?"

"மொதல்லயே."

"அப்ப மொதல்லயே ஏன் சார் சொல்லல?"

அவன் டம்ளர்த் தண்ணீரைப் பார்த்தான். ரப்பர் கட்டை வைக்க ஒரு ஃபிட்டர் போதும்; முனைவர் பட்டம் வேண்டாம்.